தெரியாமல் கலந்து கொடுக்கலாம்

சர்க்கரை நார்மலுக்கு வந்துவிட்டது என்பதற்காகத் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்த மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நான் அவருக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

ஜிலேபியோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் லேமினேஷன் போட்டு வந்தார். டிரைலர் ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு தனி வியாதி. லைசென்ஸ், துறைமுகப் பாஸ், வண்டியின் இன்ஷூரன்ஸ், எது கைக்குக் கிடைத்தாலும் பிளாஸ்டிக்குக்குள் போட்டால்தான் அவர்களுக்கு அது காகிதம். துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றி மணலி, மாத்தூர் பக்கத்து யார்டுகளில் இறக்குவது இவருடைய வேலை. ஆக, வெறும் வயிற்றில் தொண்ணூற்றாறு, சாப்பிட்ட பின் நூற்று முப்பத்திரண்டு என்று போட்டிருந்த அந்தச் சீட்டும் லைசென்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. போலீஸ் வண்டியை மறித்து, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் காட்டுவார் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அந்த நார்மல் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்னால் முந்நூற்றுச் சொச்சம் என்று வந்தபோது, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்போது மனிதர் பயந்துதான் போனார். காரணம், அதே யார்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவர். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டுக் கண் மங்கி, லைசென்ஸ் புதுப்பிக்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். என்னுடைய பால்வாடி டீச்சர் சம்பளம் வாடகைக்கும் கரன்ட்டுக்கும் சரி. அது இருக்கட்டும், உட்கார்த்தி வைத்தால் செத்துப்போகிற ஜாதி இவர். வண்டி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமையிலேயே எங்கள் காலடிப்பேட்டையை மூன்று தரம் சுற்றி வருவார். அதனால் மாத்திரை போட்டார், டீயில் சர்க்கரையை விட்டார், பரோட்டாவை விட்டார், நடந்தார். நான் கேழ்வரகையும் கொள்ளையும் வைத்துக்கொண்டு சமையலறையில் என்னென்னவோ வித்தை காட்டினேன். ஒன்றே முக்கால் வருடம் ஆயிற்று அந்த நார்மல் வர.

சுகாதார நிலையத்து டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். நல்லா இருக்கு, இப்படியே மாத்திரையைத் தொடருங்கள், மூன்று மாதச் சராசரி காட்டுகிற பரிசோதனை ஒன்று எடுப்போம், அதைப் பார்த்துவிட்டுக் குறைக்கலாமா என்று முடிவு செய்யலாம் என்றார். இவர் காதில் விழுந்தது ‘நல்லா இருக்கு’ வரைக்கும்தான். மிச்சத்தையெல்லாம் எனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது பட்டிமன்றம். ஜுரம் விட்டால் ஜுர மாத்திரையை நிறுத்துகிறோமா இல்லையா என்பது அவர் கட்சி. இது ஜுரம் இல்லை என்பது என் கட்சி. நடுவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடைக்காரர், மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்றார். யார்டு வாட்ச்மேன், தினம் இரண்டு வெண்டைக்காயை ஊறவைத்துக் குடித்தால் போதும் என்றார். என் சொந்தத் தம்பி, நான் கூப்பிட்டுப் புத்தி சொல்லச் சொன்னவன், வந்து உட்கார்ந்து நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, மாமா சொல்றதும் சரிதானேக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வந்த எரிச்சலில் அந்த டம்ளரை மூன்று தரம் தேய்த்தேன்.

மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைக்கிறார்களே, அதைச் சொல்லிப் பார்த்தேன். மோட்டார் ஓடுவதால்தானே தரை தெரிகிறது, தரை தெரிகிறதே என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் என்னவாகும் என்று கேட்டேன். சொல்லும்போதே பெரிய ஞானி மாதிரி எனக்குத் தோன்றியது.

“மய நின்னுச்சின்னா மோட்டார் இன்னாத்துக்கு மே?” என்றார்.

மழை நின்றுவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த மூன்று மாதப் பரிசோதனையே. அதை அப்போது சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கத்தத்தான் தோன்றியது.

இன்னொன்றும் சொன்னார். அதை மறைக்காமல் எழுதுகிறேன். சில நாள் லைனில் வண்டி நிற்கும்போது கை உதறியது, வேர்த்தது, மாத்திரையை நிறுத்திய பிறகு அப்படி ஆவதில்லை என்றார். லைன் என்றால் துறைமுக வாசலுக்கு முன்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரைலர்கள் வரிசையாக நிற்பது. மூன்று மணி நேரமும் நிற்கும், பத்து மணி நேரமும் நிற்கும். இறங்கிச் சாப்பிடப் போனால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மாத்திரை போடாமல் இருக்க இதுவும் ஒரு சாக்கு, ஓயாமல் போனை நோண்டினால் கை உதறாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் தாண்டியது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் காலி. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. அவரோ இளைத்துவிட்டேன் பார் என்று கண்ணாடி முன்னால் நின்றார். வீட்டிலேயே குத்திப் பார்க்கிற மிஷின் இருக்கிறது, விரலை நீட்டு என்றால், “நார்மல் ஆளுக்கு இன்னாத்துக்கு ஊசி?” என்று இறங்கிப் போய்விடுவார். எனக்கோ அந்தக் கண் மங்கிய டிரைவர் கண்ணுக்குள்ளேயே நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் போர்ஷன்காரி யோசனை சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பெயின்டர், தினம் குடிப்பார். ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருப்பார்களே, குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று, அந்தப் பவுடரை வாங்கி இரண்டு வருடமாகக் குழம்பில் கலந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் இது ரகசியமே இல்லை. தெருவில் எத்தனை வீட்டில் எந்தக் குழம்பில் என்ன விழுகிறது என்று பெண்களுக்கெல்லாம் தெரியும். சாப்பிடுகிறவருக்கு மட்டும் தெரியாது.

“அதுக்கப்பால அவர் குடிக்கிறாரா இல்லியா?” என்று கேட்டேன்.

“குடிக்கிறாரு. கொழம்பு முன்ன மாரி இல்லன்னு சண்டதான் ஜாஸ்தியாயிச்சு. ஆனா அது பவுடருதான்க்கா. உன்னுது டாக்டரு குடுத்ததாச்சே.”

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். பால்வாடியில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில், மென்று தின்னத் தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிக் கரைத்துப் புகட்டுவது என் வேலை. வருடக்கணக்காகச் செய்கிறேன். துப்புகிற பிள்ளைக்கு எப்படி, மூக்கைச் சிந்திக்கொண்டே அழுகிற பிள்ளைக்கு எப்படி என்று எல்லாம் கைக்குப் பழக்கம். ஐம்பது வயது ஆளை அந்த வரிசையில் உட்கார வைப்பது எனக்குத் தப்பாகவே படவில்லை. பிள்ளை மாதிரிதானே அடம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற சுகாதாரப் பெண்ணிடம் அவர் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். நான் தனியாக அவளைப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு மாத்திரையை நசுக்கித் தக்காளிச் சட்னியில் கலந்து, அவர் தட்டில் மட்டும் ஊற்றினேன்.

இரண்டாவது இட்லியில் நிமிர்ந்து பார்த்தார். சட்னி கசக்கிறது என்றார். வெந்தயம் போட்டிருக்கிறேன், சர்க்கரைக்கு நல்லது என்றேன். எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே என்று சொல்லிவிட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு ஒரே கர்வம். இத்தனை நாள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுக்கு இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்தேன்.

பலனும் தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் தண்ணீர் பாட்டில் பாதியோடு திரும்பி வந்தது. எதிர் போர்ஷன்காரியிடம் சொல்லி இருவரும் சிரித்தோம். ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் மனிதர் வேறு மாதிரி ஆகிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டை வேர்வையில் ஊறியிருக்கும், முகம் வெளுத்திருக்கும். சோறு போட இரண்டு நிமிடம் தாமதமானால் தட்டை நகர்த்துகிற அளவுக்குக் கோபம். சாப்பிட்டதும் அடங்கிவிடுவார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சர்க்கரை ஏறித்தான் இந்த ஆட்டம் ஆடுகிறார், எழுதிக் கொடுத்தது இரண்டு வேளை ஆயிற்றே, ஒரு வேளை பத்தவில்லை என்று முடிவு கட்டினேன். இரவுச் சாம்பாரிலும், அவர் தட்டில் மட்டும், ஒன்று போட ஆரம்பித்தேன். டாக்டருக்குப் படிக்காத குறைதான்.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை. பால்வாடியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரித்துக்கொண்டிருந்தேன். அவர் போனிலிருந்து யாரோ பேசினார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், நீங்கள் நேராக அங்கே வந்துவிடுங்கள் என்றார். ஆயாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சொன்னேன், கேட்டாரா, சொன்னேன், கேட்டாரா என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டுப் புலம்பினேன்.

நடந்ததை அவருக்குப் பின்னால் வண்டி நிறுத்தியிருந்த டிரைவர் சொன்னார். காலையிலிருந்து லைன் நகரவே இல்லை. மதியம் நகர ஆரம்பித்தபோது இவர் வண்டி மட்டும் நகரவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஏறிக் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறார், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எழுப்பினால் வாய் குழறுகிறது, கை வீசுகிறார். இவர் குடித்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஒருவன் ஓங்கி அறைந்தும் இருக்கிறான். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். லைனில் சைக்கிளில் டீ விற்கிறவர் வந்து பார்த்துவிட்டு, இது குடி இல்லை, சர்க்கரை இறங்கிப்போச்சு, எனக்கும் வந்திருக்கிறது என்று சொல்லி, சர்க்கரையை டீயில் கெட்டியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். இவர் வண்டிக்கு முன்னால் காலியான இடத்தில் நுழைந்து நின்றது ஒரு ஷேர் ஆட்டோவாம், நிறைய ஆளோடு. பிரேக்கிலிருந்து கால் எடுபடாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

சர்க்கரை இறங்கிப்போச்சு என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே காலையில் அவர் தட்டில் ஊற்றிய சட்னி எனக்கு ஞாபகம் வந்தது.

கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தார், கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், வீட்டில் இருக்கிற என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். என்ன மாத்திரை போடுகிறீர்கள், எத்தனை என்று அவரைக் கேட்டாள். இவர் மாத்திரையே போடுவதில்லை டாக்டர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“காலீல ஒண்ணு போடறேன் டாக்டர். ரெண்டு மாசமா. இவளுக்குத் தெரியாது.”

கன்டெய்னர் கதவில் இருக்கிற நம்பர் ஒருநாள் இரண்டு இரண்டாகத் தெரிந்ததாம். பயந்துபோய் மணலியில் ஒரு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, வண்டியிலேயே வைத்துக்கொண்டு, யார்டு வாசலில் டீ குடிப்பதற்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். ஜிலேபி கொடுத்த வாயால் என்னிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லையாம். இரண்டு மாதமாக! நான் நசுக்கிக் கொண்டிருந்தது ஒன்றரை மாதமாக. எனக்கு அவரை அங்கேயே இன்னொரு அறை விடலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்!

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். காலையில் ஒரு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காதே, குளுக்கோஸ் ஏற்றியும் மறுபடி இறங்குகிறதே, கிட்னியில் ஏதாவது இருக்கிறதா பார்க்க வேண்டும், தலையையும் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நர்சிடம் சொல்ல ஆரம்பித்தாள். கிட்னி என்றதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் போயிற்று. டீக்கடைக்காரர் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி ஓர் எண்ணம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஸ்கேன் எடுக்கட்டும், ஒன்றும் இருக்காது, இன்றையிலிருந்து நான் நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“நான் போட்டேன் டாக்டர். இவருக்குத் தெரியாம. சட்னில ஒண்ணு, ராத்திரி சாம்பார்ல ஒண்ணு.”

நர்ஸ் என் முகத்தையே பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சாத்துக்குடி உரிப்பதை நிறுத்திவிட்டாள். டாக்டர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேனாவை மூடிவிட்டு, மூன்று மாத்திரையா என்று மட்டும் கேட்டாள். பிறகு, இரண்டு நாள் இங்கேயே இருக்க வேண்டும், இந்த மாத்திரையின் வேகம் சட்டென்று இறங்காது என்றாள். லைனில் கை உதறியதை அவர் இப்போதுதான் டாக்டரிடம் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே மாத்திரையைக் குறைத்திருப்பார்கள் அல்லது மாற்றியிருப்பார்கள், நிறுத்தவும் வேண்டியிருந்திருக்காது, நசுக்கவும் வேண்டியிருந்திருக்காது என்றாள். அவர் என்னிடம் சொன்னார், நான் சாக்கு என்றேன் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் போன பிறகு, எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். சொன்னேன். கசப்பு வெந்தயம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருடத்தில் நாங்கள் போடாத சண்டை இல்லை. அன்றைக்கு மட்டும் சண்டை வரவில்லை. கத்தியிருக்கலாம். கத்தினால் பதிலுக்கு நானும் கத்தி, நம்பர் இரண்டாகத் தெரிந்ததை மறைத்தாயே என்று கேட்டிருப்பேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதச் சராசரியும் எடுத்தார்கள். வேறு மாத்திரை, சின்ன அளவு, ஒரே வேளை. சர்க்கரையை இழுத்து இறக்காத ரகம் என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், ஒருநாள் நிறுத்தினாலும் நிறுத்தலாம், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். இவர் சரி என்றார். இப்போது தானாக விரலை நீட்டுகிறார், தானாகக் குத்திக்கொள்கிறார், நோட்டில் எழுதுகிறார். ஒரு மாதம் கழித்து யார்டில் மறுபடியும் வண்டி கொடுத்தார்கள். கண்ணும் கையும் நன்றாக இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதானே, அது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று இரவு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றப் போனேன். தட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எழுந்து போய்ச் சட்டியிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதர். கோபம் ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிறது. பேசுகிறார், சிரிக்கிறார், சம்பளத்தைக் கையில் கொடுக்கிறார். சாப்பாடு மட்டும் நாங்கள் எல்லோரும் எடுக்கிற பாத்திரத்திலிருந்து, நாங்கள் எடுத்த பிறகு, அவரே எடுத்துக்கொள்கிறார்.

போன வாரம் எதிர் போர்ஷன்காரி வாசலில் நின்று இதைப் பார்த்தாள்.

“குடுத்து வெச்சவக்கா நீ. உன் வூட்டுக்காரரு தானே போட்டுத் துன்றாரு பாரு” என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.